செயற்கை சுவாசத்துக்கு வழிதிறந்த மயக்க மருந்து: டென்மார்க் மருத்துவர் பியோர்ன் இப்சனின் வாழ்க்கை

பத்துபஸ்தி: தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டர் பொருத்தப்பட்டுக் கிடக்கும் நோயாளியைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்க்கும் உறவினர்கள் மருத்துவரிடம் முதலில் கேட்பது, பிழைத்துவிடுவாரா என்பதை. அடுத்துக் கேட்பது, அவருக்கு வலிக்கிறதா, நாம் பேசுவது காதில் விழுகிறதா என்பதை. இந்த இரண்டாவது கேள்விக்கு ஏறக்குறைய செயற்கை சுவாச சிகிச்சையின் வயதே ஆகிறது. 1952-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27-ஆம் தேதி கோபன்ஹேகன் நகரில், மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு 100 மில்லிகிராம் பென்டதால் என்ற மயக்க மருந்தைச் செலுத்தினார் ஒரு மருத்துவர். மருந்து சிறுமியின் போராட்டத்தை மட்டுமல்ல, அவளது சொந்த மூச்சையும் நிறுத்தியது. அதனாலேயே அவள் பிழைத்தாள். அந்த மருத்துவர் பியோர்ன் இப்சன். தீவிர சிகிச்சை மருத்துவத்தின் தந்தை என்று இன்று உலகம் முழுவதும் மருத்துவ மாணவர்கள் படிப்பது அவரைத்தான்.

இப்சன் 1915-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30-ஆம் தேதி கோபன்ஹேகனில் பிறந்தார். 1940-இல் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். ஜெர்மானியப் படைகள் டென்மார்க்கைக் கைப்பற்றியதும் அதே ஆண்டில்தான். அந்நாட்களில் டென்மார்க்கில் மயக்கவியல் ஒரு தனித்துறையாக மதிக்கப்படவில்லை. அறுவை சிகிச்சை நிபுணர் கத்தியை எடுக்கும்போது, இளநிலை மருத்துவரோ செவிலியரோ நோயாளியின் முகத்தில் வைத்த துணியில் ஈதரைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். அதில் தனிப் பயிற்சி தேவை என்று நினைத்தவர்கள் குறைவு.

இப்சன் அந்தப் பயிற்சியைத் தேடி 1949-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சென்றார். அவர் சேர்ந்த மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை, 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி ஈதர் மயக்கத்தில் அறுவை சிகிச்சை செய்து காட்டப்பட்ட அதே இடம். அங்கே மயக்கவியல் துறைக்குத் தலைமை வகித்தவர் ஹென்றி பீச்சர். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களிடையே பணியாற்றிய பீச்சர், காயத்தின் அளவும் வலியின் அளவும் ஒன்றல்ல என்பதை 1946-இல் எழுதியிருந்தார். படுகாயமடைந்தவர் வலி நிவாரணி வேண்டாம் என்கிறார். சிறு காயம் பட்டவர் துடிக்கிறார். வலியை வெளியிலிருந்து பார்த்து அளந்துவிட முடியாது என்ற இந்தப் பாடம் கற்பிக்கப்பட்ட துறையில்தான் இப்சன் ஏறக்குறைய ஓராண்டு பயின்றார்.

1950-இல் தாயகம் திரும்பிய அவருக்கு நிரந்தரமான பெரிய பதவி ஏதும் காத்திருக்கவில்லை. அறுவை அரங்கில் நோயாளியை உறங்கவைத்து, தசைகளைத் தளர்த்தும் குராரே மருந்தைக் கொடுத்து, மூச்சுக்குழாயில் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அழுத்தி நுரையீரலுக்குக் காற்றுச் செலுத்துவது அவருக்கு அன்றாட வேலை. அறுவை முடிந்ததும் நோயாளி தானாக மூச்சுவிடத் தொடங்குவார். மயக்க மருத்துவரின் பணி அத்துடன் முடிந்தது. அந்த எல்லையைத் தாண்டி அறுவை அரங்குக்கு வெளியே அவரைக் கூப்பிடும் வழக்கம் இல்லை.

1952 கோடையில் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. தொற்றுநோய்களுக்கான பிளெக்டாம் மருத்துவமனையில் ஜூலை முதல் டிசம்பர் தொடக்கம் வரை 2,722 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களில் 866 பேருக்கு வாதம் ஏற்பட்டது. நோய் உச்சத்தில் இருந்தபோது நாளொன்றுக்கு ஐம்பது பேர் வரை வந்தனர். மருத்துவமனையிடம் இருந்ததோ ஒரே ஓர் இரும்பு நுரையீரலும், மார்பில் கவசம்போல் பொருத்தும் ஆறு கருவிகளும். 1928-இல் பாஸ்டனில் உருவாக்கப்பட்ட இரும்பு நுரையீரல், நோயாளியின் தலை மட்டும் வெளியே தெரிய, உடலை ஒரு பெரிய உருளைக்குள் அடைத்துவிடும். உருளைக்குள் காற்றழுத்தம் குறையும்போது மார்பு விரிந்து காற்று உள்ளே போகும். மார்புத் தசைகள் மட்டும் செயலிழந்தவர்களுக்கு அது உதவியது. ஆனால் கோபன்ஹேகனில் பலருக்கு விழுங்கும் தசைகளும் செயலிழந்திருந்தன. வாயில் ஊறும் எச்சிலும் சளியும் நுரையீரலுக்குள் இறங்கின. முதல் சில வாரங்களில் கருவிகளில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்தனர். பெரும்பாலோர் குழந்தைகள்.

அந்தமான் நிக்கோபார் வாசகர்களுக்கு இது எங்கோ நடந்த கதையாகத் தோன்ற வேண்டியதில்லை. கோபன்ஹேகனுக்கு ஐந்தாண்டுகள் முன்பு, 1947-48-இல் நிக்கோபார் தீவுகளிலும் போலியோ கொள்ளைநோயாகப் பரவியது. இரும்பு நுரையீரல் பற்றியெல்லாம் அங்கே எவரும் நினைத்துப் பார்த்திருக்க முடியாது. போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழை இந்தியா பெற்றது 2014 மார்ச் 27-ஆம் தேதிதான்.

பிளெக்டாம் மருத்துவமனையின் தலைமை மருத்துவர் ஹெச்.சி.ஏ. லாசன். அவரிடம் பணிபுரிந்த மோகன்ஸ் பியோர்னேபோ, அதே ஆண்டில் டெட்டனஸ் கண்ட பச்சிளங்குழந்தை ஒன்றுக்கு இப்சன் சிகிச்சையளித்ததைக் கண்டிருந்தார். வலிப்பில் விறைத்த குழந்தையின் உடலைக் குராரே கொண்டு தளர்த்தி, நின்றுபோகும் மூச்சுக்குப் பதிலாகக் கையால் காற்றுச் செலுத்தும் துணிச்சலான முயற்சி அது. மயக்க மருத்துவரைக் கேட்டுப் பார்க்கலாம் என்று லாசனிடம் சொன்னவர் பியோர்னேபோ. தொற்றுநோய் மருத்துவத்தில் புகழ்பெற்ற லாசன் தயங்கினார் என்கிறது வரலாறு. ஆயினும் ஆகஸ்ட் 25-ஆம் தேதி கூட்டம் நடந்தது.

இப்சன் இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனைகளைப் பார்த்தார். நுரையீரல்கள் மூச்சுவிட இயலாத அளவுக்குச் சிதைந்திருக்கவில்லை. இறக்கும் தறுவாயில் நோயாளிகளின் இரத்தத்தில் பைகார்பனேட் மிகுந்திருந்ததை, காரணம் விளங்காத ஒரு காரநிலை என்று மருத்துவர்கள் கருதியிருந்தனர். இப்சன் வேறு விளக்கம் தந்தார். வெளியேற வேண்டிய கரியமில வாயு வெளியேறாமல் தேங்கியிருக்கிறது. அதன் விளைவே இது. மூளையைப் போலியோ தாக்கியதால் இவர்கள் இறக்கவில்லை, போதிய காற்று உள்ளே போகாததால் இறக்கிறார்கள். வியர்வை, உயரும் இரத்த அழுத்தம், மங்கும் நினைவு எல்லாம் அறுவை அரங்கில் அவர் பார்த்துப் பழகிய அறிகுறிகளே. நோயின் முற்றிய நிலை என்று பிறர் கைவிட்டதை அவர் திருத்தக்கூடிய குறையாகக் கண்டார்.

இரண்டு நாள் கழித்து அதை நிரூபிக்க வாய்ப்புத் தரப்பட்டது. கைகால்கள் செயலிழந்து, காய்ச்சலில், நீலம்பாரித்து, சளியில் மூழ்கிக்கொண்டிருந்த சிறுமியின் கழுத்தில், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து துளையிட்டார்கள். அதன் வழியே குழாய் வைக்கப்பட்டது. இப்சன் பையை அழுத்தினார். காற்று உள்ளே போகவில்லை. மூச்சுக்குழல்கள் இறுகியிருந்தன; நினைவு தடுமாறிய நிலையிலும் சிறுமி தன் மிச்ச வலிமையெல்லாம் திரட்டி அந்தக் காற்றை எதிர்த்தாள். பார்க்க வந்திருந்த மருத்துவர்கள் நம்பிக்கையிழந்து அறையிலிருந்து நகரத் தொடங்கினர். அப்போதுதான் பென்டதால்.

மருந்து இறங்கியதும் அவள் துவண்டாள். சொந்த மூச்சு நின்றது. எதிர்ப்பு நீங்கிய நுரையீரலுக்குள் பையின் காற்று தடையின்றிச் சென்றது. கரியமில வாயு குறைந்தது, தோலின் நிறம் திரும்பியது. பிறகு அவளை மீண்டும் மார்புக் கவசக் கருவிக்கு மாற்றிப் பார்த்தபோது நிலை மோசமானது. பைக்கு மாற்றியதும் தேறினாள். பார்த்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. வாதம் நீங்காவிட்டாலும் அந்தச் சிறுமி 1971 வரை உயிர் வாழ்ந்தாள்.

தமிழில் இந்தக் காட்சியை எழுதும்போது ஒரு சிக்கல் எழுகிறது. தூக்கம் தரும் மருந்து, வலி போக்கும் மருந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து ஆகிய மூன்றையும் நாம் பெரும்பாலும் மயக்க மருந்து என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். மருத்துவமனையில் இம்மூன்றும் வேறு வேறு. பென்டதால் உறங்கவைக்கும், வலியைப் போக்காது. மார்ஃபின் வலியைப் போக்கும். உறங்கவைப்பது அதன் முதல் வேலையன்று. குராரேவோ தூக்கமும் தராது, வலியையும் தணிக்காது. விரலைக்கூட அசைக்க முடியாதபடி செய்துவிடும், அவ்வளவே. 1947-இல் அமெரிக்க மயக்க மருத்துவர் ஸ்காட் ஸ்மித் தம் உடலிலேயே முழு அளவு குராரேவைச் செலுத்திக்கொண்டு, அசைவற்றுக் கிடந்த நேரம் முழுவதும் நினைவும் வலியுணர்வும் சிறிதும் குறையவில்லை என்று பதிவு செய்தார். அசையாமல் கிடக்கும் நோயாளி நிம்மதியாக இருக்கிறார் என்று பொருளில்லை. வென்டிலேட்டர் சிகிச்சையில் இதைவிட முக்கியமான பாடம் அரிது.

கோபன்ஹேகனுக்குத் திரும்புவோம். வழி தெரிந்துவிட்டது, ஆனால் எந்திரங்கள் இல்லை. மருத்துவ மாணவர்கள் அழைக்கப்பட்டனர். ஏறக்குறைய 1,500 மாணவர்கள் முறைவைத்துக் கட்டிலருகே அமர்ந்து, இரவும் பகலும் பையை அழுத்தினார்கள். ஒரே சமயத்தில் 70 நோயாளிகள் வரை அப்படிக் கைகளால் மூச்சுப் பெற்றனர். மொத்தம் 1,65,000 மணி நேரம். கருவிகளில் வைக்கப்பட்டோரில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் இறந்த நிலை மாறி, இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே வந்தது.

இதில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. முதல் நெருக்கடி தாண்டிய பிறகு அந்தக் குழந்தைகளில் பலர் விழித்தே இருந்தார்கள். மாணவர்கள் அவர்களிடம் பேசினார்கள், கதை படித்துக் காட்டினார்கள். காற்றுப் போதவில்லையா, மிகுதியா என்பதைக் குழந்தையின் முகம் பார்த்து அறிந்து கையின் வேகத்தை மாற்றினார்கள். மனிதக் கை நோயாளியின் மூச்சுக்கு இசைந்து கொடுத்தது. பின்னால் வந்த எந்திரங்களுக்கு அந்தத் திறம் நெடுங்காலம் கைவரவில்லை. எந்திரத்தோடு நோயாளி இசையாதபோது, நோயாளியை ஆழ்ந்து உறங்கவைப்பது எளிய வழியாயிற்று.

கொள்ளைநோயின் நெருக்கடி மேலும் சிலரைக் கண்டுபிடிப்பாளர்கள் ஆக்கியது. மருத்துவமனை ஆய்வகத்தின் பவுல் ஆஸ்ட்ரப் இரத்தத்தின் அமிலத்தன்மையைக் கொண்டு கரியமில வாயுவைக் கணக்கிடும் முறையை வகுத்தார். ஸ்வீடனின் கார்ல்-குன்னார் எங்ஸ்ட்ரோம் உருவாக்கிய சுவாச எந்திரம் மாணவர்களின் கைகளுக்கு ஓய்வு தந்தது. 1956-இல் டென்மார்க் மருத்துவர் ஹென்னிங் ரூபன், அழுத்திவிட்டால் தானே விரியும் பையைக் கொண்டுவந்தார். நம் ஊர் ஆம்புலன்ஸ்களில் ஆம்பு பை என்று எல்லோரும் அறிந்திருப்பது அதுதான்.

இப்சனின் அடுத்த பணி, என் பார்வையில், முதலாவதைவிடப் பெரியது. 1953 டிசம்பரில் கோபன்ஹேகன் நகராட்சி மருத்துவமனையில் அவர் ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார். எந்த நோயாக இருந்தாலும் மூச்சோ இரத்த ஓட்டமோ தடைப்பட்டவர்கள் அங்கே கொண்டுவரப்பட்டனர். இரவும் பகலும் செவிலியர் அருகிலேயே இருப்பார். பொறுப்பு மயக்க மருத்துவருடையது. உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று வரலாற்றாசிரியர்கள் பலர் அதைக் குறிப்பிடுகின்றனர். அறுவை அரங்கில் மூன்று மணி நேரம் தரப்பட்ட கவனிப்பை மூன்று வாரம் தர முடியும் என்பதே அவரது எளிய கணக்கு.

ஆனால் மூன்று வாரம் என்பது மயக்க மருந்துகளுக்கும் புதிய சோதனை. மணிக்கணக்கில் தருவதற்கென வந்த மருந்துகள் நாள்கணக்கில் தரப்பட்டபோது என்ன ஆகும் என்பது எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பிளெக்டாம் மருத்துவமனையில் டெட்டனஸ் நோயாளிகளுக்கு வலிப்பைத் தடுக்கக் குராரேவும், நினைவு தெரியாமலிருக்க நைட்ரஸ் ஆக்சைடு வாயுவும் தொடர்ந்து தரப்பட்டன. எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு, சில நோயாளிகளின் இரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்ததை லாசனும் அவர் குழுவினரும் 1956-இல் வெளியிட்டனர். அந்த வாயு உடலில் பி-12 வைட்டமினைச் செயலிழக்கச் செய்கிறது என்பது பின்னர் விளங்கியது. 1983-இல் இன்னொரு எச்சரிக்கை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்து வந்தது. விபத்தில் காயமுற்று வென்டிலேட்டரில் இருந்தவர்களை எட்டோமிடேட் என்ற மருந்தால் உறங்கவைத்தபோது இறப்புகள் கூடின. அட்ரினல் சுரப்பியின் பணியை அந்த மருந்து ஒடுக்கியதே காரணம்.

மருந்து மாறினாலும், ஆழ்ந்த உறக்கமே நோயாளிக்கு நல்லது என்ற நம்பிக்கை மாற மேலும் பல ஆண்டுகள் ஆயின. 2000-இல் சிகாகோ மருத்துவர்கள் 128 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், தினமும் ஒருமுறை மயக்க மருந்தை நிறுத்தி விழிக்கவைத்தவர்கள் வென்டிலேட்டரிலிருந்து இரண்டு நாளுக்கும் மேல் முன்னதாக விடுபட்டனர். 2010-இல் டென்மார்க்கின் ஓடன்சே நகர மருத்துவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். உறக்க மருந்தே இல்லாமல், வலிக்கு மட்டும் தேவைப்படும்போது மார்ஃபின் கொடுத்து, நோயாளியை விழித்த நிலையிலேயே எந்திரத்தில் வைத்துப் பார்த்தனர். அவர்களும் எந்திரத்திலிருந்து விரைவில் விடுபட்டனர். ஆனால் 700 பேரிடம் நடத்தி 2020-இல் வெளியான விரிவான ஆய்வில், விழித்திருந்தோருக்கும் இலேசான உறக்கத்தில் இருந்தோருக்கும் இடையே இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. இன்றைய வழிகாட்டுதல்கள் முதலில் வலியைத் தணிக்கச் சொல்கின்றன. அதன் பின்னரே, தேவையானால், இலேசான உறக்கம். பேச இயலாத நோயாளியின் முகச் சுளிப்பு, கைகால் அசைவு, தசை இறுக்கம், எந்திரத்தோடு இசைகிறாரா என்பது ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டு வலியை அளக்கிறார்கள். கோபன்ஹேகன் மாணவர்கள் முகம் பார்த்துச் செய்ததற்கு இன்று ஓர் அட்டவணை இருக்கிறது.

இந்தியாவில் இதற்குச் சட்டத்தின் பக்கமும் உண்டு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பின் மார்ஃபினை வாங்கி வைக்கப் பல உரிமங்கள் தேவைப்பட்டதால் மருத்துவமனைகள் பல அதைக் கைவிட்டன. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு நடைமுறை எளிதாக்கப்பட்டது. பத்துபஸ்திக்கு அருகே, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், செல்லுலார் சிறை வளாகத்தில் 1963-இல் அமைந்த ஜி.பி. பந்த் மருத்துவமனைதான் இத்தீவுகளின் பெரிய அரசு மருத்துவமனை. அங்கிருந்து சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ ஒரு நோயாளியை மாற்றுவதென்றால் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடலைத் தாண்ட வேண்டும். குழாயுடன் பயணிக்கும் நோயாளிக்கு வலியும் அச்சமும் தெரியாமல், அதேவேளை இரத்த அழுத்தம் சரியாமல், மருந்தின் அளவை நிலைநிறுத்துவது அந்தரத்தில் செய்யவேண்டிய வேலை.

1974-இல் இப்சன் மீண்டும் செய்தித்தாள்களின் முதல் பக்கத்துக்கு வந்தார், இம்முறை பாராட்டுக்காக அன்று. டென்மார்க் வானொலி நேர்காணல் ஒன்றில், மீள வழியே இல்லாத நோயாளியை எந்திரத்தில் வைத்திருப்பது சாவை நீட்டிப்பதாகும் என்ற கருத்தை அவர் வெளிப்படையாகச் சொன்னார். அத்தகையோருக்குச் சிகிச்சையை நிறுத்துவது பற்றியும், மார்ஃபின் தந்து துன்பத்தைத் தணிப்பது பற்றியும் பேசினார். நாடு அதிர்ந்தது. மூச்சை மீட்டுத் தந்தவரே மூச்சை நிறுத்துவது பற்றிப் பேசுகிறாரே என்ற கோபம் புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் எந்திரத்தை எப்போது பொருத்துவது என்று முதலில் முடிவெடுக்க நேர்ந்தவர் அவர். எப்போது அகற்றுவது என்ற கேள்வியும் அவரிடமே முதலில் வந்து நின்றதில் வியப்பில்லை. இந்தியாவில் அந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வால் விடையளிக்கப்பட்டது 2018 மார்ச் 9-ஆம் தேதி. கண்ணியத்துடன் இறக்கும் உரிமையையும், உயிர்காக்கும் சிகிச்சையை முன்கூட்டியே மறுத்து எழுதி வைக்கும் உரிமையையும் ஏற்ற நீதிமன்றம், 2023 ஜனவரியில் அதன் நடைமுறைகளை எளிதாக்கியது.

இப்சன் 2007-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் தேதி தமது 91-ஆவது வயதில் காலமானார். அவர் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவை நடத்திய நகராட்சி மருத்துவமனை அதற்கு முன்பே, 1999-இல் மூடப்பட்டுவிட்டது. அந்தப் பழைய கட்டடங்களில் இப்போது கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் சமூக அறிவியல் வகுப்புகள் நடக்கின்றன.